பத்துக்கு எத்தனை

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்,
கடல் விட்டால்,
எங்கள் படகு இந்தத் தீவுக்கு வரும்.
மருத்துவர் ஒருவர், பல் பிடுங்குகிறவர் ஒருவர்,
தாள்களோடு நான்.
சிலோயேயின் மழை எங்களுக்கு முன்பே வந்து
பள்ளிக்கூட வாசலில்
வரிசையில் நிற்கும்.

என் தாளில் ஒரு கேள்வி:
வலி, பத்துக்கு எத்தனை?
பக்கத்தில் சின்னக் கட்டம்.
பத்து என்று எழுதினால்
சைபர் வெளியே தொங்கும்.

எலெயூத்தெரியோ வென்சூர் சொன்னார்:
தேவாலயத்துக்குப் பதினோரு படி.
போன ஈஸ்டருக்கு ஏழாவதில் உட்கார்ந்தேன்.
இந்த வருடம் ஐந்தாவதில்.
எண்ணை நீயே போட்டுக்கொள்.

கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன்,
ஆறு போட்டேன்.
படி ஈரமா, காய்ந்ததா என்று
கேட்க மறந்துவிட்டேன்.

பவுதிலியா கொலிவோரோ
ஒன்று என்றாள்.
அறுபது வருடம் வற்றின கடலில் குனிந்து
பாசி வாரியவள்.
இப்போதும் எதையோ தேடுகிறவள் போலத்தான்
அறைக்குள் வருகிறாள்.
ஒன்றா? என்றேன்.

"அடுத்த வீட்டு ஓர்லாந்தா படுத்தே கிடக்கிறாள்.
பத்து அவளுடையது.
அதற்குக் கிட்டத்தில் போய் நாம் நிற்கலாமா?"

சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையை
இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துத் தூக்கினாள்.
விரல்கள் ஓரமாய் நின்று பார்த்தன
வேலைக்குக் கூப்பிடாத ஆட்கள் போல.

விறகு பிளந்த மறுநாள் குடைச்சல்.
கிழங்கு தோண்டும் மாதம் முழுக்கப் பிடிப்பு.
தென்காற்றுக்குக் கடுப்பு.
ராத்திரி இரண்டு மணிக்கு உளைச்சல்,
அதற்குக் காரணமே வேண்டாம்.
உப்பு ஈரம் தின்ற கதவின் கீலுக்குச் சமையல் எண்ணெய்,
முழங்கால் கீலுக்குக் கடல்சிங்கக் கொழுப்பு.
எது கிறீச்சிட்டது என்று தெரியாமல்
விருந்தாளி வந்துவிட்டதாக எழுந்துபோய்ப்
பார்ப்பவர்களும் உண்டு.
கட்டம் இதில் எதையும் கேட்கவில்லை.

மருத்துவர் தருவது முப்பது மாத்திரை.
சில மாதம் அடுத்த செவ்வாய்க்கு முப்பத்தைந்து நாள்.
மிச்சம் ஐந்து நாளைக்கு
வேலியில் காஞ்சொறி இருக்கிறது.
கொத்தாய் ஒடித்து முட்டியில் அடித்துக்கொள்வார்கள்.
எரிச்சல் வலியை விரட்டும் என்கிறார்கள்.
விரட்டுவதில்லை,
துணைக்கு உட்காருகிறது.

கடைசியாய் வந்த ரொசாமெல்
நான் கேட்கும் முன்பே சொன்னார்: இரண்டு.
மருத்துவர் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்.

காலுறையின் விளிம்பில்
இரண்டு பக்கமும் கயிறு தைத்திருந்தது.
பாதம்வரை கை எட்டாத மனிதர்
கட்டிலில் உட்கார்ந்தபடி அதை வீசித்
தன் காலைத் தானே
மீன் பிடிப்பது போலப் பிடிக்கிறார்
தினமும் காலையில்.

நான் பேனாவைத் திருப்பினேன்.
அவர் என் கையைப் பார்த்தார்.

"இரண்டு என்றே எழுது.
புவெர்த்தோ மோன்தில் இருக்கிற மகள்
இந்தத் தாளைக் கேட்டு வாங்குகிறாள்.
எண் ஏறினால் எருதுகளை விற்பாள்.
அப்புறம் என்னைக் கூட்டிப்போவாள், மூன்றாம் மாடிக்கு.
லிஃப்ட் இருக்கிறதாம்,
கால் வலிக்காதாம்."

கொஞ்சம் பொறுத்து,
"அங்கே கால் எதற்கு?"

இரண்டு என்றே எழுதினேன்.
ஜன்னல் வழியே தெரிந்தது:
நுகம் இல்லாத எருதின் விலாவில் சாய்ந்து
அவர் மேட்டில் ஏறிப்போனது.
எருது தன் நடையைக் குறைத்து
அவருடையதை எடுத்துக்கொண்டது.

படகில் உட்கார்ந்து கூட்டினேன்.
முப்பத்தெட்டுப் பேர். சராசரி மூன்று.
மேலிடத்தில் மகிழ்வார்கள்.

கட்டிய கயிற்றை அவிழ்க்கக் குனிந்த படகோட்டி
பாதியில் நின்றான்.
இடுப்பில் ஒரு கையை வைத்து
மெல்ல வானத்தைப் பார்த்தான்,
மழையைக் கணிக்கிறவன் போல.

நானும் மழையைப் பார்த்தேன்.